பேசத்தக்கவர்

(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



இன்று தவக்காலத்தின் 4ஆம் ஞாயிறு. லூக்கா நற்செய்தியின் 15ஆம் பிரிவிலிருந்து ஊதாரி மைந்தன் உவமை நமக்கு வாசிக்கப்படுகிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தொடங்கி எத்தனையோ முறை கேட்ட உவமை. பன்றி மேய்த்தது, தவிடு தின்ன ஆசைப்பட்டது, மோதிரம், மிதியடி, கொழுத்த கன்று என்று எல்லாமே நமக்கு மனப்பாடம். அதனால் இன்று உவமைக்குள் உடனே போக வேண்டாம். வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

உவமை தொடங்குவதற்கு முன் லூக்கா ஒரு காட்சியைக் காட்டுகிறார். வரி தண்டுவோரும், பாவிகள் என்று ஊரில் பெயர் வாங்கியவர்களும் இயேசு பேசுவதைக் கேட்பதற்காக அவர் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள். பரிசேயரும் மறைநூல் அறிஞரும் அதைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் இங்கே உள்ள வினைச்சொல்லுக்கு 'நெருங்கி வருதல்' என்று பொருள். ஒரு நாள் வந்தார்கள், போனார்கள் என்று லூக்கா எழுதவில்லை. வந்துகொண்டே இருந்தார்கள் என்னும் தொடர்வினையில் எழுதுகிறார். அது வழக்கமாகிவிட்டது. முணுமுணுப்புக்கும் அதுதான் காரணம்.

இங்கே நமக்கு ஒரு கேள்வி வர வேண்டும். இந்த மக்கள் ஏன் தொழுகைக்கூடத் தலைவரிடம் போகவில்லை? மறைநூல் அறிஞர்களின் வீட்டுக்கும் கதவு உண்டு. திறந்துதான் இருந்திருக்கும். 'பாவிகள் உள்ளே வராதீர்' என்று யாரும் பலகை மாட்டி வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அங்கே போகாத கால்கள் இவரிடம் வந்தன. இவரிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது எது?

நம் ஊர்களில் அதற்கு ஒரு நல்ல பேச்சு இருக்கிறது. புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்று ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பக்கத்து ஊரிலிருந்து உறவினர் போன் செய்து கேட்பார்கள்: "புது சாமி எப்படி, பேசுவாரா?" எங்கே படித்தார், எத்தனை பட்டம் வாங்கினார் என்பதெல்லாம் பிறகுதான் வரும். சில சமயம் வராமலே போய்விடும். பேசுவாரா என்றால், மறையுரை நன்றாக ஆற்றுவாரா என்று பொருள் இல்லை. நாம் போய் நின்றால் முகம் கொடுத்துப் பேசுவாரா, அவரிடம் நாம் வாய் திறக்க முடியுமா என்று பொருள். இந்தக் கேள்விக்குள் இருப்பதைத்தான் இலத்தீன் மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. அந்தச் சொல் 'அஃபாபிலிஸ்'. ஆங்கிலத்தில் 'அஃபபிள்' என்கிறார்களே, அதன் தாய்ச் சொல். இன்று அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். இலத்தீன் என்றதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள்!

'ஃபாரி' என்றால் இலத்தீனில் பேசுதல். அதன் முன்னே 'அத்' என்று ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால், ஒருவரை நோக்கிப் பேசுதல் என்று பொருள் வரும். ஒலி சேரும்போது அது 'அஃபாரி' ஆகிறது. அதிலிருந்து பிறந்ததுதான் அஃபாபிலிஸ். இந்தப் 'பேசுதல்' குடும்பத்தில் இன்னும் பல சொற்கள் உண்டு. ஊரார் பேசுவது 'ஃபாமா', அதாவது புகழ் அல்லது ஊர்ப்பேச்சு. சொல்லப்படுவது 'ஃபாபுலா', அதாவது கதை. இன்னும் பேச வராதது 'இன்ஃபான்ஸ்', அதாவது பச்சிளம் குழந்தை. 'வாக்கு' மனிதர் ஆனார் என்று யோவான் எழுதுகிறாரே, அந்த வாக்கு முதலில் வாய் பேசாத இன்ஃபான்ஸாகத்தான் மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. குழந்தை இருக்கும் வீட்டுக்குள் போக யாரும் தயங்குவதில்லை. இரவுக் காவல் இடையர்களும் தயங்கவில்லை.

அஃபாபிலிஸ் என்பதன் வால்பகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'பிலிஸ்' என்று முடியும் சொற்கள் 'செய்யத்தக்க', 'செய்யப்படக்கூடிய' என்று பொருள் தரும். காணக்கூடியது, தொடக்கூடியது என்பது போல. அப்படியானால் அஃபாபிலிஸ் என்பவர் நன்றாகப் பேசுகிறவர் அல்லர், பேசத்தக்கவர். நாம் போய்ப் பேசக்கூடியவர். பேச்சு அவர் வாயிலிருந்து தொடங்கவில்லை, எதிரே நிற்பவர் வாயிலிருந்து தொடங்குகிறது.

இது சின்ன இலக்கண வேறுபாடுதானே என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்வார். தெளிவா இல்லையா என்பதை மருந்துக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். அதுபோல, "யார் வேண்டுமானாலும் என்னிடம் வந்து பேசலாம்" என்று நான் சொல்லிக்கொள்வதில் ஒன்றும் இல்லை. நான் பேசத்தக்கவனா என்பதைச் சொல்ல வேண்டியவர் வந்து பேசியவர். அல்லது வந்து நின்றுவிட்டுப் பேசாமலே திரும்பிப் போனவர். இந்தச் சொல்லுக்குரிய சான்றிதழில் நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ள வழியில்லை.

இயேசுவுக்கும் அந்தச் சான்றிதழை எழுதியவர்கள் வரி தண்டுவோர்தான். அவர்கள் அதை எழுத்தில் எழுதவில்லை. நெருங்கி வந்து எழுதினார்கள்.

கிறிஸ்துவுக்கு முன்பே இந்தச் சொல் வழக்கில் இருந்தது. உரோமைப் பேச்சாளர் சிசெரோ கி.மு. 44இல் தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில், கிரேக்கக் கதைத் தலைவன் யுலிசிஸைப் பற்றிப் பேசும்போது இதைப் பயன்படுத்துகிறார். நீண்ட அலைச்சலில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் பேச எளியவனாக இருக்க யுலிசிஸ் விரும்பினானாம். எதற்காக? வீடு போய்ச் சேர வேண்டும், இழந்ததை மீட்க வேண்டும். காரியம் ஆக வேண்டிய மனிதனின் இனிமை அது. தேர்தல் நேரத்தில் நம் தெருக்களுக்கும் அது வருவதுண்டு.

இதே சொல் திருவிவிலியத்துக்குள் வந்தபோது திசை மாறிவிட்டது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சீராக்கின் ஞான நூலின் 4ஆம் பிரிவின் முதல் பத்து வசனங்கள் ஏழைகளைப் பற்றியவை. ஏழையின் பிழைப்பைப் பறிக்காதே, கெஞ்சும் கண்களைக் காக்க வைக்காதே, துன்பத்தில் இருப்பவரிடமிருந்து முகத்தைத் திருப்பாதே என்று அந்த ஞானி அடுக்கிக்கொண்டே போகிறார். 7ஆம் வசனத்தில், மக்கள் கூட்டத்துக்குப் பிரியமானவனாக இரு என்கிறார். சீராக் எபிரேயத்தில் எழுதியதை அவருடைய பேரன் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். அந்தக் கிரேக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது. நம் தமிழ் விவிலியத்திலும் ஏறத்தாழ இதே பொருளைக் காணலாம்.

ஆனால் பழைய இலத்தீன் விவிலியத்தில் இந்த வசனம் வேறு மாதிரி இருக்கிறது. இலத்தீன் விவிலியம் என்றதும் நமக்குப் புனித எரோணிமுஸ் நினைவுக்கு வருவார். சீராக் நூலை அவர் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு முன்பே வழக்கில் இருந்த பழைய மொழிபெயர்ப்புத்தான் அப்படியே வுல்காத்தா விவிலியத்தில் சேர்ந்தது. பெயர் தெரியாத அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் 'மக்கள் கூட்டம்' என்பது 'ஏழைகளின் கூட்டம்' என்று இருக்கிறது. 'பிரியமானவன்' இருக்க வேண்டிய இடத்தில் 'அஃபாபிலிஸ்' வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக, இலத்தீன் திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் இந்த வசனத்தை 'ஏழைகள் வந்து பேசத்தக்கவனாக உன்னை ஆக்கிக்கொள்' என்ற பொருளில்தான் வாசித்தது.

மொழிபெயர்ப்பு என்ற கணக்கில் பார்த்தால் இது மூலத்தை விட்டு விலகியதுதான். ஆனாலும் அடுத்த வசனத்தைப் பார்த்தால் அது வழி தவறவில்லை என்று தெரியும். ஏழை சொல்வதற்குக் காது கொடு, அவனுக்கு மரியாதையாகப் பதில் வணக்கம் சொல் என்றுதான் சீராக் தொடர்கிறார். பணம் கொடு என்பதைவிட இது சிலருக்குக் கடினம். நூறு ரூபாயை எடுத்து நீட்டிவிட்டு அனுப்பிவிடலாம். பத்து நிமிடம் உட்கார வைத்து, சொன்னதையே மூன்று முறை திரும்பச் சொல்லும் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு.

இந்த வசனத்தைத்தான் 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் கையில் எடுத்தார். அவருக்கு முன் அரிஸ்டாட்டில் இந்த நற்பண்பைப் பற்றி எழுதியிருந்தார். எல்லாரோடும் பொருத்தமாகப் பழகும் குணம் ஒன்று இருக்கிறது, அது நட்பைப் போன்றது, ஆனால் அதற்குப் பெயர் இல்லை என்று எழுதி விட்டுவிட்டார். அக்குவினாஸ் தம் 'இறையியல் சுருக்கம்' நூலில், 1271-72 ஆண்டுகளில் எழுதிய பகுதியில், அதற்கு 'அஃபாபிலித்தாஸ்' என்ற பெயரையே சூட்டுகிறார். இது தனி நற்பண்பு என்பதற்குச் சான்றாக அவர் காட்டுவது, ஏழைகளின் கூட்டத்தைப் பற்றிய அந்தச் சீராக் வசனத்தைத்தான்.

அவர் இந்தக் குணத்தை எந்த அலமாரியில் வைக்கிறார் என்பதுதான் வியப்பு. அன்பு என்ற தலைப்பில் வைப்பார், தாழ்ச்சி என்ற தலைப்பில் வைப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் நீதி என்ற தலைப்பில் வைக்கிறார். அது கடன் என்கிறார். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வசூலிக்கும் கடன் அல்ல. மனிதர் மனிதருக்குப் பட்டிருக்கும் கடன். உண்மை இல்லாமல் மனிதர் கூடி வாழ முடியாது. அதுபோலவே ஒருவர் மற்றவருக்கு இனிமையாக இல்லாமலும் கூடி வாழ முடியாது என்பது அவருடைய வாதம். நம் தமிழில் 'இறங்கிப் பழகுகிறார்' என்று பாராட்டுகிறோம். அக்குவினாஸ் காதில் விழுந்தால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். இறங்கி என்றால் ஏதோ ஓர் உயரத்திலிருந்து சலுகை காட்டுவதாக ஆகிறது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவரை யாரும் வள்ளல் என்று சொல்வதில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறருடைய நன்மைக்காகச் சில வேளைகளில் அவர்களை வருத்தப்பட வைக்கத்தான் வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். இந்த நற்பண்புக்கு எதிரான குற்றங்கள் என்று இரண்டைக் காட்டுகிறார். ஒன்று, எப்போது பார்த்தாலும் சண்டைக்கு நிற்பது. மற்றொன்று முகத்துதி. கேட்ட தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சாமியாரை 'நல்ல சாமி' என்பார்கள். அந்த நல்ல பெயருக்குப் பின்னால் சில நேரம் இந்த இரண்டாவது குற்றம் ஒளிந்திருக்கும்.

பேசத்தக்கவர் போலவே தோன்றும் போலியும் உண்டு. சாமுவேல் இரண்டாம் நூலின் 15ஆம் பிரிவை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். தாவீதின் மகன் அப்சலோம் விடியற்காலையில் எழுந்து நகர வாயிலுக்குப் போகும் வழியில் நின்றுகொள்வான். அரசரிடம் முறையிட வருகிறவர்களைத் தானே கூப்பிட்டு, எந்த ஊர் என்று விசாரிப்பான். உன் வழக்கு நியாயமானது, ஆனால் அதைக் கேட்க அரசர் தரப்பில் ஆள் இல்லையே என்று வருத்தப்படுவான். காலில் விழ வருகிறவரைக் கைநீட்டிப் பிடித்து முத்தமிடுவான். இப்படியே இஸ்ரயேலரின் இதயங்களைத் திருடிக்கொண்டான் என்கிறது அந்நூல். திருட்டு என்றுதான் அதற்குப் பெயர். அவன் ஒருவருடைய வழக்கையும் முழுதாகக் கேட்டுத் தீர்த்ததாக அங்கே இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்சலோமால் திருட முடிந்தது எதனால்? வழக்கோடு வந்தவர்கள் அரண்மனை வாசலில் யாரும் கேட்காமல் நின்றதால்.

போலியை விடுவோம். உண்மையிலேயே நல்லவர், கதவையும் திறந்து வைத்தவர், அவரிடமும் ஒருவரால் பேச முடியாமல் போனது. அதைச் சொல்கிறவர் புனித அகுஸ்தினார்.

384ஆம் ஆண்டு அகுஸ்தினார் மிலான் நகருக்குச் சொல்லாட்சிக் கலை கற்பிக்க வந்தார். வயது முப்பது. மனம் முழுவதும் குழப்பம். அங்கே ஆயராக இருந்தவர் புனித அம்புரோசியார். அவர் தம்மை ஒரு தந்தையைப் போல வரவேற்றார் என்று அகுஸ்தினார் நன்றியோடு எழுதுகிறார். முதலில் தம்மை ஈர்த்தது அவருடைய போதனை அல்ல, தம்மிடம் அவர் காட்டிய கனிவு என்றும் சொல்கிறார். ஆனால் தம் குழப்பங்களையெல்லாம் கொட்டிப் பேச அகுஸ்தினாருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆயரைச் சுற்றி எப்போதும் உதவி கேட்டு வந்த மக்கள் கூட்டம். கூட்டம் இல்லாத கொஞ்ச நேரத்தில் அவர் உணவருந்துவார், அல்லது வாசிப்பார். அவருடைய அறைக்கு யாருக்கும் தடை இல்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்ற வழக்கமும் இல்லை. அகுஸ்தினார் உள்ளே போவார். அம்புரோசியார் வாய் அசையாமல், கண்ணை மட்டும் ஏட்டில் ஓடவிட்டு வாசித்துக்கொண்டிருப்பார். இவ்வளவு ஆழ்ந்திருப்பவரை எப்படித் தொந்தரவு செய்வது என்று அகுஸ்தினாரும் உடன் வந்தவர்களும் நெடுநேரம் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார்கள்.

வாய்விட்டு வாசிப்பது பெருவழக்காக இருந்த காலத்தில் ஒருவர் மௌனமாக வாசித்ததைப் பற்றிய குறிப்பு என்று இந்தப் பகுதியை அறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எனக்கோ அந்த மௌன வாசிப்பைவிட, எதிரே உட்கார்ந்திருந்தவருடைய மௌனம்தான் கண்ணில் படுகிறது. அம்புரோசியாரைக் குறை சொல்லவில்லை. அகுஸ்தினாரும் சொல்லவில்லை. பாவம், தொண்டை எளிதில் கட்டிக்கொள்ளும் மனிதர், குரலைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் செய்திருக்கலாம், எதுவானாலும் நல்ல நோக்கம்தான் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். பிறகு 387இல் பாஸ்கா திருவிழிப்பில் அதே அம்புரோசியார் கையால் திருமுழுக்கும் பெற்றார். ஆனாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது, அந்தப் பேசாமல் எழுந்து போன நேரங்கள் அவருக்கு மறக்கவில்லை பாருங்கள்.

அந்த அகுஸ்தினாரே பின்னர் ஹிப்போவில் ஆயரானார். ஊர் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு அந்நாளில் ஆயர்களுக்கு இருந்தது. அவருடன் வாழ்ந்து அவர் வரலாற்றை எழுதிய பொசிதியுஸ், சில நாள்களில் அவர் உணவு நேரம் வரையிலும், சில நாள்களில் நாள் முழுவதும் சாப்பிடாமலும் உட்கார்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்டார் என்கிறார். அவருக்கு அது பிடித்த வேலையும் இல்லை. பிறருடைய வழக்குகளின் இரைச்சலைவிட, குறித்த நேரத்தில் கைவேலை செய்து, மீதி நேரத்தில் வாசித்துச் செபிப்பதே மேல் என்று புலம்பியும் இருக்கிறார். புலம்பிக்கொண்டே கேட்டார்.

திருவள்ளுவரும் ஒரு நல்ல அரசனிடம் இரண்டையும் சேர்த்தே எதிர்பார்க்கிறார். பார்ப்பதற்கு எளியவனாகவும் இருக்க வேண்டும், பேச்சில் கடுமை இல்லாதவனாகவும் இருக்க வேண்டும் என்பது இறைமாட்சி அதிகாரத்தில் அவர் சொல்லும் கருத்து. பார்க்க முடிவது ஒன்று, பேச முடிவது இன்னொன்று என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு அது தெரிய வெகுகாலம் ஆயிற்று. அதைச் சொல்லாமல் இந்தச் சிந்தனையை முடித்தால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில், பங்களாவின் முன்னறையில் காலை பத்து மணி வரை உட்கார்ந்திருப்பேன். கதவு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பூசையில் அறிவிப்பும் கொடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஓர் அம்மா மாதம் ஒரு முறை வருவார்கள். முந்தானையில் முடிந்து வைத்த பணத்தை மேசையில் வைத்து, "சகல ஆன்மாக்களுக்கும் ஒரு பூசை, சாமி" என்பார்கள். நான் பூசைக் கருத்து நோட்டில் தேதி போட்டு எழுதி, ரசீது கிழித்துக் கொடுப்பேன். நான்காவது முறை வந்தபோது, ரசீதை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்கள். திருவிழாக் கணக்கு இடித்துக்கொண்டிருந்த நேரம். "வேறு ஏதாவதாம்மா?" என்று கேட்டேன். கேட்டது வாய்தான், கண் கணக்கு நோட்டில் இருந்தது. "ஒண்ணுமில்ல சாமி" என்று போய்விட்டார்கள்.

அன்று மாலை மணி அடிக்க வந்த கோவில்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த அம்மாவோட மகன் போன வருஷம் தன் உயிரத் தானே முடிச்சுக்கிட்டான் சாமி. நீங்க வர்றதுக்கு முன்னாடி. அவன் பேரச் சொல்லிப் பூசை வைக்கலாமான்னு கேக்கத்தான் அவங்க வர்றாங்க. வந்து உங்களப் பாத்துட்டு, சாமி வேலையா இருக்காருன்னு, சகல ஆன்மாக்கள்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க."

நான்கு முறை. நான்கு ரசீது. சகல ஆன்மாக்கள் என்ற அந்தப் பொதுப் பெயருக்குள் ஒரு பெயரை ஒளித்து வைத்துக்கொண்டு அந்தத் தாய் நின்றிருக்கிறார்கள், நான் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது உவமைக்குள் போவோம். இளைய மகனைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். மூத்தவனைப் பாருங்கள். வயலிலிருந்து வருகிறான், வீட்டை நெருங்குகிறான். வரி தண்டுவோர் இயேசுவை நெருங்கி வந்ததைச் சொல்ல லூக்கா பயன்படுத்திய அதே கிரேக்க வினைச்சொல்தான் இங்கேயும் வருகிறது. நெருங்கியவன் உள்ளே போகவில்லை. ஆடல் பாடல் சத்தம் கேட்டு, என்ன நடக்கிறது என்று யாரிடம் கேட்கிறான்? அப்பாவிடம் இல்லை. ஒரு வேலையாளைக் கூப்பிட்டுக் கேட்கிறான். சொந்த வீட்டில் நடப்பதை வேலையாள் வழியாகத் தெரிந்துகொள்கிற மகன்!

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. சுற்றுலா போக வேண்டும், படிப்பை மாற்ற வேண்டும், ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, எதுவானாலும் மனு அம்மா வழியாகத்தான் அப்பாவுக்குப் போகும். "நீயே சொல்லும்மா." அப்பா ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. அடித்ததுகூட இல்லை. கூடத்தில் நாற்காலி போட்டு, எல்லாரும் பார்க்கும்படிதான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், என் பிள்ளைகள் என்னிடம் எதையும் மறைக்க மாட்டார்கள் என்றும் சொல்வார்.

மூத்தவன் கடைசியில் வாய் திறக்கும்போது என்ன சொல்கிறான்? நண்பர்களோடு மகிழ்ந்திருக்க ஓர் ஆட்டுக்குட்டிகூட நீர் எனக்குத் தந்ததில்லை என்கிறான். என்னுடையதெல்லாம் உன்னுடையதுதானே என்று தந்தை பதில் சொல்கிறார். அவன் எப்போதாவது கேட்டிருக்கிறானா என்று உவமை சொல்லவில்லை. கேட்காமலே மனத்துக்குள் கணக்கு வைத்திருந்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு நல்ல தந்தையிடமும் இவ்வளவு ஆண்டுகள் அவனுக்கு வாய் வரவில்லை. இன்றுதான் வந்தது. ஏன் இன்று? தந்தை வெளியே வந்தார். விருந்தினரை விட்டுவிட்டு, விருந்தின் நடுவே எழுந்து, இருட்டில் நின்றவனிடம் வந்தார். வந்ததும் அவருக்குக் கிடைத்தது வசவுதான். அதையும் முழுதாகக் கேட்டார்.

இயேசுவும் அப்படித்தான். நெருங்கி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார். நெருங்க முடியாதவர்களிடம் தாமே போனார். சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் அவர் முதலில் கேட்டது என்ன? தண்ணீர். போதிக்கிறவராகத் தொடங்கவில்லை, தாகமாயிருக்கிறவராகத் தொடங்கினார். யாரோடும் பேச முடியாமல் நண்பகல் வெயிலில் குடம் தூக்கி வந்த பெண்ணுக்கு, தண்ணீர் கேட்கும் மனிதரிடம் பேசுவது எளிதாக இருந்தது. திருத்தந்தை புனித 23ஆம் யோவான், பொறுப்பேற்ற இரண்டே மாதத்தில், 1958 டிசம்பர் 26 அன்று உரோமையின் ரெஜினா செலி சிறைக்குப் போனார். நீங்கள் என்னிடம் வர முடியாது, அதனால் நான் உங்களிடம் வந்தேன் என்ற பொருளில் அங்கே பேசினார். சிறையில் இருப்பவர்கள் மட்டுமா வர முடியாதவர்கள்?

அன்று மாலை மணி அடித்த பிறகு, கோவில்பிள்ளையிடம் வழி கேட்டுக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்தேன். பதறிப்போய், கடையில் கலர் வாங்கி வரச் சொல்லட்டுமா என்றார்கள். வேண்டாம், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்றேன். சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவும் இல்லை. தெருவிளக்கு எரியத் தொடங்கி வெகுநேரம் ஆன பிறகு, அவர்களாகவே கேட்டார்கள். அவர்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படி இறந்த ஒருவரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்ததைப் பார்த்திருக்கிறார்களாம். தம் மகன் பெயரைப் பூசையில் சொல்லலாமா, சொன்னால் சாமிக்கு ஏதும் பிரச்சினை வருமா என்று கேட்டார்கள்.

எனக்குப் பிரச்சினை வருமா என்றுதான் அவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அவர்கள் பார்த்தது உண்மைதான். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தம் உயிரை முடித்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, இறைவன் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பைத் தர முடியும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்பதுதான் மறைக்கல்வி ஏட்டின் 2283ஆம் எண் தரும் போதனை. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதைக் கேட்க அந்தத் தாய்க்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

உள்ளே போய் மகனுடைய படத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். பள்ளிச் சீருடையில் எடுத்த பழைய படம். பையனுடைய பெயரை எனக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னார்கள். நோட்டு கையில் இல்லை, அதனால் ஒரு ரசீதின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலைப் பூசையில் அந்தப் பெயரை, ஊர் முழுக்கக் கேட்கும்படி, ஒலிபெருக்கியில் வாசித்தேன்.